பனிக்காலத்தில் சிற்றூர் நூலகம்: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டில் பனி விழும் சின்ன ஊர் ஒன்றுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்களா? முதல் இரண்டு மாதம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் நாலரை மணிக்கே இருட்டிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்றுகூடத் தெரியாது. குல்லாயும் மப்ளருமாக ஓர் உருவம் காரில் ஏறிப் போவதைத்தான் பார்த்திருப்பீர்கள். பூங்காவில் ஆள் இருக்காது. சரி, கோடை வரட்டும், அப்போது நாலு பேரிடம் பழகிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடத் தோன்றும்.

தள்ளிப்போடாதீர்கள். ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும் இந்த மாதங்களில்தான் நூலகத்தில் ஆட்கள் உட்காருவார்கள். கோடையில் வருகிறவர்கள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போய்விடுவார்கள். பனிக்காலத்தில் அதே ஆட்கள், அதே கிழமை, அதே நாற்காலி. நாலு வாரம் விடாமல் போனால் உங்கள் முகம் அவர்களுக்குப் பழகிவிடும், ஆறாவது வாரம் உங்கள் பெயரும் தெரிந்துவிடும். முன்பின் தெரியாத ஓர் ஊரில் நான் டிசம்பரில் போய் இறங்கி, இப்படித்தான் அந்த ஊர் ஆளானேன். அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பனிக்காலத் தாளைக் கையில் எடுங்கள்

பெரும்பாலான நூலகங்கள் பருவத்துக்கு ஒரு முறை, அல்லது மாதத்துக்கு ஒரு முறை, நிகழ்ச்சிப் பட்டியல் ஒன்றை அச்சடித்து வாசலிலேயே அடுக்கி வைத்திருக்கும். அதைத்தான் பனிக்காலத் தாள் என்கிறேன். இணையதளத்திலும் அதே பட்டியல் இருக்கும். இருந்தாலும் தாளாக எடுத்து வந்து குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால்தான் போவோம்.

அந்தத் தாளைப் படிக்கும்போது மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, வயது. குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளை மாதக் கணக்கில்கூடப் பிரித்திருப்பார்கள். இரண்டு, 'முன்பதிவு தேவை' என்று போட்டிருக்கிறதா, 'நேரடியாக வரலாம்' என்று போட்டிருக்கிறதா. முன்பதிவு என்றதும் கட்டணம் இருக்கும் என்று பலர் நினைத்துப் பின்வாங்குகிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை, பசை, நூல், காகிதம் எத்தனை பேருக்கு வாங்குவது என்று அவர்களுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். பதிவு செய்துவிட்டுப் போகமுடியாமல் போனால் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் இன்னொரு குடும்பம் இருக்கும். மூன்று, எத்தனை முறை நடக்கிறது. ஒரே ஒரு நாள் நடப்பதா, வாராவாரம் நடப்பதா என்று பாருங்கள்.

இந்த மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேஜிக் நிகழ்ச்சி, இசைக் கச்சேரி, பேச்சாளர் வருகை எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். அதற்கும் போங்கள், நன்றாக இருக்கும். ஆனால் ஐம்பது பேர் நடுவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு யாரிடமும் பேசாமல் திரும்பி வருவீர்கள். பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் 'செவ்வாய் மாலை, பின்னல் குழு' என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். அந்த மாதிரி வாராந்திர நிகழ்ச்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பேனாவால் வட்டம் போடுங்கள். ஒன்றே ஒன்று போதும். ஐந்துக்கு வட்டம் போட்டால் முதல் பனிப்புயலோடு ஐந்தும் நின்றுபோகும்.

அட்டை

உறுப்பினர் அட்டை வாங்க வழக்கமாக இரண்டு தாள் கேட்பார்கள்: படம் போட்ட அடையாளச் சான்று ஒன்று, முகவரிச் சான்று ஒன்று. வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, வங்கியிலிருந்து வந்த கடிதம், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். புதிதாக வந்ததால் எதுவுமே உங்கள் பெயரில் இல்லையா? அதை மறைக்காமல் கவுண்டரில் சொல்லுங்கள். தற்காலிக அட்டை தரும் நூலகங்கள் உண்டு; உங்கள் முகவரிக்கு ஒரு தபால் அட்டையை அனுப்பி, அதைக் கொண்டுவரச் சொல்லும் நூலகங்களும் உண்டு. குழந்தைகளுக்குத் தனி அட்டை வாங்கலாம், பெற்றோர் கையெழுத்துப் போடவேண்டியிருக்கும். ஐந்து வயதுக் குழந்தையின் பெயர் போட்ட அட்டையை அதன் கையிலேயே கொடுத்துப் பாருங்கள், அன்றைக்கு அது தூங்கும்போதும் அட்டை பக்கத்தில் இருக்கும்.

'நாம் இந்த நாட்டுக் குடிமக்கள் இல்லையே, கேட்கலாமா?' என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. பொதுவாக ஊரில் வசிக்கிறீர்களா என்பதுதான் கணக்கு. யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை முதலில் 1949-இல் வந்தது, கடைசியாக 2022-இல் திருத்தப்பட்டது. வயது, இனம், மதம், தேசம், மொழி எதையும் பார்க்காமல் எல்லோருக்கும் சமமாகச் சேவை தரவேண்டும், அது கொள்கையளவில் இலவசமாகவே இருக்கவேண்டும் என்கிறது அது. இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் பீட்டர்பரோ என்ற சிற்றூர் 1833-இல் வரிப்பணத்தை ஒதுக்கி, ஊரார் எல்லோருக்கும் இலவசமாக ஒரு நூலகத்தைத் தொடங்கியது. அந்த வழியில் வந்த நூலகங்கள் இன்றைக்கும் பெரும்பாலும் வரிப்பணத்தில்தான் ஓடுகின்றன. நீங்கள் கொடுக்கும் வாடகைக்குள் வீட்டுக்காரரின் சொத்துவரியும் இருக்கிறது. ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்.

கிளம்பும் முன்

பனிக்காலத்தில் நேரம் மாறும். பண்டிகை வாரங்களில் சீக்கிரமே மூடுவார்கள். சிற்றூர் நூலகங்கள் பல, வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் ஊர்ப் பள்ளிக்கூடம் மூடுகிறதா என்று பாருங்கள். அதையே பின்பற்றும் நூலகங்கள் நிறைய. பள்ளி திறந்திருந்தாலும் காலையில் ஒரு போன் போட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. மூடியிருந்தால் பதிவுக்குரலே சொல்லிவிடும். திடீரென்று மூடினால் அன்று திருப்பவேண்டிய புத்தகங்களுக்குப் பொதுவாக நாள் நீட்டித்துவிடுவார்கள். அதற்காக வழுக்கும் சாலையில் காரை எடுக்காதீர்கள்.

வாசல்படியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் பணத்தில் 1883 முதல் 1929 வரை உலகின் பல பகுதிகளில் 2,509 நூலகங்கள் கட்டப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவில், அதிலும் சின்னச் சின்ன ஊர்களில். அந்தக் காலக் கட்டிடங்கள் பலவற்றுக்கு முன்வாசலில் உயரமான படிக்கட்டு இருக்கும். பார்க்கக் கம்பீரம், பனி உறைந்தால் ஆபத்து. உங்கள் ஊர் நூலகமும் அப்படிப்பட்டதானால் பக்கவாட்டிலோ பின்னாலோ சாய்தளத்தோடு இன்னொரு வாசல் இருக்கிறதா என்று பாருங்கள். வயதானவர்களை, கைக்குழந்தையை அழைத்துப் போகிறவர்கள் அந்த வழியாகவே போங்கள்.

முதல் நாள் எங்கே உட்காருவது

என்னைக் கேட்டால் புதிர் மேசைக்குப் போகச் சொல்வேன்.

சிற்றூர் நூலகங்கள் பலவற்றில் டிசம்பர் பிறந்ததும் ஜன்னலோரமாக ஒரு மேசை போட்டு ஆயிரம் துண்டு ஜிக்சா புதிர் ஒன்றைக் கொட்டி வைப்பார்கள். அது யாருக்கும் சொந்தமில்லை. வருகிறவர்கள் நாலு துண்டு பொருத்திவிட்டுப் போவார்கள், அடுத்தவர் வந்து தொடருவார். பதிவு இல்லை, வயது இல்லை, நேரம் இல்லை, பேசவேண்டிய கட்டாயமும் இல்லை. மொழியில் தயக்கம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

நான் முதல் நாள் போனபோது ஒரு பாட்டி தனியாக உட்கார்ந்திருந்தார். படம் ஒரு கலங்கரை விளக்கம். விளிம்பு முழுவதும் முடிந்திருந்தது. மேலே பாதிக்கு மேல் ஒரே நீலம். அவர் நீலத் துண்டுகளை மட்டும் பிரித்து, காதுபோல் நாலு நீட்டல் உள்ளவை ஒரு வரிசை, இரண்டு உள்ளவை ஒரு வரிசை என்று அடுக்கி வைத்திருந்தார். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலேயே எதிர் நாற்காலியைக் காட்டினார். "வானம்தான் பாக்கி. வண்ணத்தைப் பார்க்காதீர்கள், உருவத்தைப் பாருங்கள்" என்றார். முக்கால் மணி நேரத்தில் ஒன்பது துண்டு பொருத்தினேன். எழுந்து கிளம்பும்போது, "வியாழக்கிழமை வருவீர்களா?" என்று கேட்டார். அந்த ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மறுபடி வருவீர்களா என்று என்னைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். வியாழக்கிழமை போனேன். அதற்கடுத்த வியாழக்கிழமையும் போனேன்.

சரி, புதிர் மேசை இல்லாவிட்டால்? செய்தித்தாள், பத்திரிகை வைத்திருக்கும் பகுதியில் உட்காருங்கள். எதையும் இரவல் வாங்காமல், யாரையும் பார்க்காமல், சூட்டுக்காக மட்டும் வந்து உட்கார்ந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். வீட்டில் ஹீட்டர் பழுதான நாளில் இது பெரிய விஷயம். கடுங்குளிர் நாட்களில் சில ஊர்களில் நூலகத்தையே குளிர்காயும் இடமாக அறிவிப்பார்கள்.

எந்த நிகழ்ச்சிக்குப் போவது

சின்னக் குழந்தை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கதைநேரத்துக்குப் போங்கள். இருபது நிமிடம், அரைமணி நேரம்தான். கைக்குழந்தைகளுக்கு ஒன்று, நடக்கத் தொடங்கியவர்களுக்கு ஒன்று, மூன்றிலிருந்து ஐந்து வயதுக்கு ஒன்று என்று தனித்தனியாக நடக்கும். டிசம்பர் கடைசியில் இடைவெளி விட்டு ஜனவரியில் புதிய சுற்று ஆரம்பிப்பது வழக்கம். சேருவதற்கு அதுதான் சரியான வாரம். எல்லோரும் அன்றைக்குப் புதியவர்கள்.

பத்து நிமிடம் முன்னால் போய்விடுங்கள். பூட்ஸ், ஜாக்கெட், கையுறை, குல்லாய் எல்லாவற்றையும் கழற்றி மாட்டுவதற்கே பத்து நிமிடம் ஆகும். கையுறையை ஜாக்கெட் கைக்குள் செருகிவையுங்கள், இல்லையென்றால் ஒற்றைக் கையுறையோடுதான் வீடு திரும்புவீர்கள். ஜாக்கெட்டைக் கழற்றாமல் குழந்தையை உட்காரவைக்காதீர்கள். உள்ளே சூடு அதிகம், ஐந்தாவது நிமிடம் அழ ஆரம்பித்துவிடும்.

குழந்தைக்கு ஊர் மொழி தெரியாதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: கதைநேரத்தில் தொடக்கப் பாட்டும் முடிவுப் பாட்டும் பெரும்பாலும் வாராவாரம் மாறாது. விரல் அசைவோடு பாடுவார்கள். முதல் வாரம் குழந்தை உங்கள் மடியைவிட்டு இறங்காது. இரண்டாவது வாரம் விரலை மட்டும் அசைக்கும். மூன்றாவது, நாலாவது வாரம் வீட்டில் தானாகப் பாடும். நடுவில் எழுந்து ஓடினால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள், அங்கே எல்லாக் குழந்தைகளும் ஓடும். முடிந்ததும் உடனே கிளம்பாதீர்கள். விளையாட்டுப் பொருட்களை எடுத்துப்போடுவார்கள். அந்தக் கால்மணி நேரத்தில்தான் மற்ற அம்மா அப்பாக்களோடு பேச்சு தொடங்கும். நல்ல குழந்தை மருத்துவர் யார், பனிச்சறுக்குப் பலகை எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் எனக்கு அங்கேதான் தெரிந்தது.

பெரியவர்களுக்குப் பனிக்கால வாசிப்புச் சவால் இருக்கும். ஜனவரியில் தொடங்கிப் பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ முடியும். இத்தனை புத்தகம், இத்தனை நிமிடம் என்று கணக்கு வைப்பது ஒரு வகை. ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்ட பிங்கோ தாள் இன்னொரு வகை: 'உங்களைவிட மூத்தவர் பரிந்துரைத்த புத்தகம்', 'மொழிபெயர்ப்பு', 'நீல அட்டை போட்டது' என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று எழுதியிருக்கும், ஒரு வரிசை முடித்தால் பரிசுக் குலுக்கலில் பெயர் சேரும். இதில் பலருக்குத் தெரியாத விஷயம், வேறு மொழிப் புத்தகத்தை வேண்டாம் என்று சொல்லும் நூலகம் மிகக் குறைவு. தமிழ் நாவலைத் தாராளமாக எழுதுங்கள். ஒலிநூல் கேட்பதையும், குழந்தைக்குப் படித்துக் காட்டுவதையும் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள். அப்படிக் கேட்கப் போகிற சாக்கிலேயே நூலகரோடு பழக்கமாகிவிடும்.

பின்னல் குழுவுக்குப் பின்னத் தெரிந்திருக்கவேண்டும் என்பதில்லை. உபரி ஊசியும் நூல்கண்டும் யாரிடமாவது எப்போதும் இருக்கும். பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலும், பக்கத்திலிருப்பவர் பத்து நிமிடத்தில் உங்கள் கையில் ஊசியைக் கொடுத்துவிடுவார். பின்னிய குல்லாய்களையும் கையுறைகளையும் தேவைப்படுகிறவர்கள் எடுத்துக்கொள்ளும்படி நூலகத்திலேயே தொங்கவிடும் ஊர்களும் உண்டு. புதிதாக வந்த உங்களுக்கே கையுறை இல்லையென்றால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், அதற்குத்தான் வைத்திருக்கிறார்கள். அடுத்த வருடம் நீங்கள் ஒன்று பின்னிக் கொடுங்கள்.

வாசிப்பு வட்டம் மாதம் ஒரு முறை நடக்கும். அந்த மாதப் புத்தகத்தின் பல பிரதிகளைக் கவுண்டருக்குப் பின்னால் எடுத்துவைத்திருப்பார்கள், கேட்டால் தருவார்கள். முழுவதும் படிக்காமலும் போகலாம். முதல் முறை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வந்தால் போதும்.

ஊர் மொழியைப் பேசிப் பழகுவதற்கென்றே உரையாடல் வட்டம் நடத்தும் நூலகங்கள் பல இருக்கின்றன. உங்கள் வீட்டில் வேலைக்குப் போகாமல், நாள் முழுக்கத் தனியாக இருக்கும் ஒருவர் இருந்தால் அவரை இதற்கு அழைத்துப் போங்கள். இலக்கணப் பாடம் எதுவும் கிடையாது. வானிலை, சமையல், பிள்ளைகள் என்று பேச்சு போகும். இந்தப் பட்டியலிலேயே மிக அவசியமானது இது என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செய்யும் கைவினைப் பொட்டலங்களும் இருக்கும். மாத முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும், சீக்கிரம் போங்கள்.

தமிழ்ப் புத்தகம் கேட்பது எப்படி

பெரும்பாலான சிற்றூர் நூலகங்களின் அலமாரியில் தமிழ்ப் புத்தகம் இருக்காது. ஆனால் வரவழைக்கலாம். டூயி தசம வகைப்பாட்டைப் பயன்படுத்தும் நூலகம் என்றால் (ஒவ்வொரு துறைக்கும் ஓர் எண் கொடுத்துப் புத்தகங்களை அடுக்கும் முறை அது, 1876 முதல் இருக்கிறது, உலகில் மிகப் பரவலானதும் அதுதான்) தமிழ் மொழிக்கு 494.811, தமிழ் இலக்கியத்துக்கு 894.811. முதலில் அந்த எண்ணுள்ள அலமாரிக்குப் போய்ப் பாருங்கள், மொழிபெயர்ப்பு ஏதாவது கிடைக்கலாம். இதே வழியில் 746.43 பின்னல், 641.5 சமையல், 635 தோட்டம்.

அடுத்தது, நூலகங்களுக்கிடையிலான இரவல். உங்கள் நூலகத்தில் இல்லாத புத்தகத்தை வேறு ஊர் நூலகத்திலிருந்து கேட்டு வாங்கித் தருவார்கள். டொராண்டோ பொது நூலகம் போன்ற பெரிய நூலகங்களில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. பல்கலைக்கழக நூலகங்களிலும் உண்டு. இந்தச் சேவையின் விதிகள் ஊருக்கு ஊர் மாறும், சில இடங்களில் தபால் செலவு கேட்பார்கள், அதனால் கேட்டுக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் வண்டி தாமதமாகும், சில வாரங்கள் பொறுங்கள்.

தேடும்போது ஒரு நுணுக்கம் உதவும், இது தெரியாமல் நான் பல நாள் வீணாக்கினேன். நூலகப் பட்டியல்களில் தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் ஒரு தனி முறைப்படி எழுதியிருப்பார்கள். ழகரத்துக்கு நாம் வழக்கமாகப் போடும் 'இசட் எச்' அங்கே இல்லை, வெறும் 'எல்'தான். சகரத்துக்கு 'எஸ்' போட்டு வரவில்லை என்றால் ஆங்கில வரிசையின் மூன்றாம் எழுத்தைப் போடுங்கள். ககரத்துக்கு எங்கேயும் 'கே'தான், 'ஜி' வராது. கங்கை என்பதில் இரண்டு இடத்திலும் 'கே'. நெடிலுக்கு எழுத்தை இரட்டிக்கவேண்டாம். இவ்வளவும் செய்து கிடைக்காவிட்டால் புத்தகத்தின் பின்னட்டையில் உள்ள 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுங்கள்.

தமிழ்ப் புத்தகம் கேட்டால் தொந்தரவாக நினைப்பார்களோ என்று தோன்றினால் எஸ். ஆர். ரங்கநாதனை நினைத்துக்கொள்ளுங்கள். சீர்காழியில் பிறந்தவர்; சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1931-இல் நூலகத்துக்கான ஐந்து விதிகளை வெளியிட்டார். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். உலகெங்கும் நூலகத் துறை மாணவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். நான் கேட்டபோது, தமிழ் என்ற பெயர் காதில் விழுந்ததுமே எங்கள் நூலகர், "ரங்கநாதனின் மொழியா?" என்றார். அன்றைக்கே 'வாங்கவேண்டிய நூல்கள்' படிவத்தை எடுத்துக் கொடுத்தார்.

ஈரத்திலிருந்து புத்தகத்தைக் காப்பது

கார் நிறுத்தத்திலிருந்து வாசலுக்கு முப்பது அடிதான் இருக்கும், அதற்குள் புத்தகம் நனைந்துவிடும். துணிப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு அதில் புத்தகத்தை வையுங்கள். வெளியில் உள்ள புத்தகப் பெட்டியில் போடும்போது கையுறையில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டுப் போடுங்கள்; உங்கள் புத்தகத்தோடு உள்ளே விழும் பனி உருகி மற்றவர்கள் போட்டதையும் நனைக்கும். பெட்டி நிரம்பி வழிந்தால் தரையில் வைத்துவிட்டு வராதீர்கள், மறுநாள் போடலாம்.

நனைந்துவிட்டால்? நான் ஒருமுறை நனைந்த படப் புத்தகத்தை ஹீட்டர்மேல் வைத்து உலர்த்தினேன். காலையில் பார்த்தால் அட்டை வளைந்து, வழவழப்பான தாள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் படம் கிழிந்தது. அப்படிச் செய்யக்கூடாது. லேசான ஈரம் என்றால் புத்தகத்தை விசிறிபோல் விரித்து நிற்கவைத்து, சாதாரண மின்விசிறிக் காற்றில் உலரவிடுங்கள். நன்றாக ஊறிவிட்டால் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். கேட்க வினோதமாக இருக்கும், ஆனால் ஆவணக் காப்பாளர்கள் செய்வதும் அதுதான். ஈரத் தாளில் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும், உறைநிலை அதை நிறுத்திவைக்கும். பிறகு நூலகத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லுங்கள். சொல்லாமல் பெட்டியில் போட்டுவிட்டு வருவதுதான் தவறு.

டிவிடி, மடிக்கணினி, இணையக் கருவி எதையாவது இரவல் வாங்கினால் வீட்டுக்கு வந்தவுடன் போடாதீர்கள். குளிரிலிருந்து சூட்டுக்கு வரும்போது உள்ளே நீர் பூக்கும், கண்ணாடி அணிந்தவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். பையைத் திறக்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்திருந்து அப்புறம் எடுங்கள்.

தாமதக் கட்டணத்துக்குப் பயந்து நூலகத்துக்கே போகாமல் இருக்கிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க நூலகச் சங்கம் 2019-இல் தாமதக் கட்டணம் சமூக ஏற்றத்தாழ்வின் ஒரு வடிவம் என்று தீர்மானம் போட்டது. அதற்கு முன்னும் பின்னுமாகப் பல நூலகங்கள் அதைக் கைவிட்டுவிட்டன. தொலைத்த புத்தகத்துக்கு மட்டும் விலை கேட்பார்கள்.

வெளியே போகவே முடியாத நாட்களில்

அட்டை எண்ணும் கடவு எண்ணும் இருந்தால் போதும், லிப்பி, ஹூப்லா, கனோபி போன்ற ஆப்களில் மின்னூல், ஒலிநூல், திரைப்படம் கிடைக்கும். எந்த ஆப் என்பதை உங்கள் நூலகம்தான் முடிவு செய்திருக்கும், பனிக்காலத் தாளிலேயே அதைப் போட்டிருப்பார்கள். மின்னூல் தவணை முடிந்ததும் தானாகத் திரும்பிப் போய்விடும். புயல் வருவதற்கு முதல் நாளே இதை நிறுவிக்கொள்ளுங்கள். கடவு எண் மறந்துபோய், நூலகமும் மூடியிருக்க, யாரிடமும் கேட்கமுடியாமல் தவிப்பவர்கள் அதிகம்.

புத்தகம் இல்லாதவையும்

பனியில் நடக்கும் அகலக் காலணி, பலகை விளையாட்டுகள், அருங்காட்சியக அனுமதிச் சீட்டு, தையல் இயந்திரம் என்று இரவல் தரும் நூலகங்கள் இப்போது நிறைய. கனடாவில் எட்மன்டன், வினிபெக் போன்ற நகர நூலகங்கள் சூரிய வெளிச்சம் குறைந்த மாதங்களுக்காகப் பிரகாசமான ஒளிச்சிகிச்சை விளக்குகளை வாசகர்கள் உட்காரும் இடத்தில் வைத்தன. உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அமெரிக்காவில் பிப்ரவரி முதல் ஏப்ரல் 15 வரை தன்னார்வலர்கள் நூலகத்தில் உட்கார்ந்து வருமான வரிப் படிவம் நிரப்ப இலவசமாக உதவுவதும் உண்டு. அந்த இடம் சீக்கிரம் நிரம்பும், ஜனவரி கடைசியிலேயே விசாரித்துவிடுங்கள். பனி உருகத் தொடங்கும்போது சில நூலகங்கள் விதை நூலகத்தைத் திறக்கும். பழைய அட்டைப் பெட்டியில் சின்னச் சின்ன உறைகள் அடுக்கியிருக்கும், எடுத்துப்போய் விதைத்து, அறுவடையில் கொஞ்சம் விதையைத் திருப்பித் தந்தால் போதும்.

மார்ச்சில் ஒரு படிவம்

பருவம் முடியும்போது நிகழ்ச்சிகள் எப்படி இருந்தன என்று கேட்டு ஒரு படிவம் வைப்பார்கள். நூலகத்துக்கு வருகிறவர்களில் மிகச் சிலரே அதை நிரப்புகிறார்கள்; சிற்றூரில் பத்துப் படிவம் வந்தாலே அதிகம். ஆகவே நீங்கள் எழுதும் ஒரு வரி நிச்சயம் படிக்கப்படும். மாலை நேரத்தில் கதைநேரம் வேண்டும், தமிழ்ப் படப் புத்தகம் பத்து வேண்டும், உரையாடல் வட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றமுடியுமா என்று எது வேண்டுமோ அதை எழுதுங்கள். நான் 'குழந்தைகளுக்கு வேறு மொழிகளிலும் கதை சொல்லலாமே' என்று எழுதிப் போட்டேன். இரண்டு வாரம் கழித்து நூலகர் போன் செய்து, "நீங்களே வந்து சொல்வீர்களா? அரைமணி நேரம் போதும்" என்றார். அடுத்த பனிக்காலத் தாளில் ஜனவரி மூன்றாம் சனிக்கிழமைக்கு நேரே 'தமிழில் கதைநேரம், முன்பதிவு தேவையில்லை' என்று ஒரு வரி அச்சாகியிருந்தது. அன்று வந்தவை ஏழு குழந்தைகள். அதில் தமிழ்க் குழந்தைகள் இரண்டு பேர்தான், மற்ற ஐந்தும் 'காக்கா' என்ற சொல்லை வீட்டுக்கு எடுத்துப்போயின.